எண்ணூறு ஜிபி

நாற்பத்தோரு வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு மனை மொத்தம் இரண்டாயிரத்து நானூறு சதுர அடி என்றால், அதை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதினாலும் முப்பது பேருக்குப் பிரித்து எழுதினாலும், கடைசியில் கூட்டினால் அதே இரண்டாயிரத்து நானூறு வந்தாக வேண்டும். ஓர் அடி குறைந்தால் யாரோ ஏமாற்றுகிறான். ஓர் அடி கூடினால் யாரோ முட்டாள். இரண்டில் எதுவானாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. லோகாம்பாள் இதைச் சொல்லியே என்னைக் கேலி செய்வாள். "இட்லியக்கூட எண்ணிக்கினுதான் துன்றாரு," என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

லோகாம்பாள் என் மனைவி. போன மாசியில் இறந்துவிட்டாள்.

முதல் வருஷத் திதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில், அவளுடைய பழைய மொபைலைக் கம்ப்யூட்டரில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். படையலில் வைக்க ஒரு நல்ல படம் வேண்டும். சுவரில் மாட்டியிருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். அதில் அவள் திருடனைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டிருப்பாள். மொபைலில் நாலாயிரம் படம் இருந்தது. வாசலில் போட்ட கோலம், மகள், மகளின் கல்யாணம், யார் யாருடைய புடவைக் கரையோ, நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குவது. அவள் மட்டும் இல்லை. எடுக்கிறவள் எப்படிப் படத்தில் இருப்பாள்? சரி, எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பெரிதாக்கிப் பொறுமையாகத் தேடலாம் என்று பார்த்தால், இடம் இல்லை என்றது அது.

இந்தப் பாட்டு எனக்குப் புதிதல்ல. கார்த்திகை மாதத்திலிருந்தே, டிஸ்க் நிரம்பிவிட்டது என்று திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்துக்கொண்டிருந்தது. முளைக்கும்போதெல்லாம் அதன் தலையிலிருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுவேன். ஒரு நாளைக்கு நாலு தடவை, இரண்டு மாதம். வேலைக்கு நடுவில் வந்து நச்சரிக்கிற பார்ட்டிகளையும் நான் அப்படித்தான் அனுப்பிவைப்பேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்கார்ந்து கூட்டினேன். கம்ப்யூட்டரின் மொத்தக் கொள்ளளவு தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜிபி. அதில் தொள்ளாயிரத்து இருபத்தெட்டு நிரம்பிவிட்டது என்கிறது. ஒவ்வொரு ஃபோல்டராக ரைட் கிளிக் செய்து, அளவைக் காகிதத்தில் எழுதினேன். பத்திரங்கள், ஸ்கேன் செய்த மூலப் பத்திரங்கள், பட்டா நகல்கள், மகள் கல்யாண வீடியோ, கம்ப்யூட்டர் தனக்காக வைத்துக்கொண்டிருக்கும் சாமான்கள். கூட்டினால் நூற்றிருபது வந்தது. மறுபடி கூட்டினேன். நூற்றிருபது.

மீதி எண்ணூற்றுச் சொச்சம் எங்கே? அத்தனை பெரிய இடத்தை எவனோ வளைத்துப் போட்டிருக்கிறான். ஆள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டர் அத்தனை பெரிதாக இருந்ததற்கும், என் வீட்டில் இரவு பகலாக அணையாமல் ஓடியதற்கும் காரணம் என் மகள் ஜெயப்ரியா. அவள் புனேயில் வேலை பார்க்கிறாள். முந்தைய வருஷம் ஐப்பசியில் லோகாம்பாளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது, பத்து வார்த்தையில் இரண்டுதான் புரியும். ஜெயப்ரியா ஒரு மாதம் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டாள். திரும்பப் போகும்போது, மார்கழி பிறந்த வாரத்தில், இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, அம்மா கட்டிலுக்கு எதிரே அலமாரி மேல் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு காமிராவையும் வைத்துவிட்டுப் போனாள். புனேயில் இருந்துகொண்டு போனில் அம்மாவைப் பார்க்கலாம். "கம்ப்யூட்டர மட்டும் ஆஃப் பண்ணிடாதப்பா, அப்புறம் அம்மா தெரிய மாட்டாங்க," என்றாள். நான் ஆஃப் செய்யவில்லை. அவள் அம்மா போன பிறகும் செய்யவில்லை. ஆஃப் பண்ணு என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

காமிராவை ஜன்னல் மாதிரி நினைத்திருந்தேன். எட்டிப் பார்க்கிறவருக்குத் தெரியும், பார்க்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் என் அறிவு.

லோகாம்பாள் போன அன்று நான் வீட்டில் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிப்ரவரி இருபதாம் தேதி, மதியம் இரண்டரை மணி. அவளுக்குக் கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்து, தூங்கவைத்துவிட்டு, ஒரு பத்திரத்தைப் பார்ட்டியிடம் கொடுத்து வர ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு வண்டியில் ஓடினேன். பத்து நிமிஷ வேலை. ஆபீஸ் என்பதால் போனைச் சத்தமில்லாமல் வைத்தேன். கொடுத்துவிட்டு வெளியே வந்தால், பார்ட்டியோடு வந்திருந்த பழனி, பழைய சிநேகிதன், டீ குடித்துவிட்டுப் போ என்று கையைப் பிடித்து இழுத்தான். உட்கார்ந்தேன். பேச்சு வளர்ந்தது. மூன்று ஐம்பதுக்கு வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு எஸ்தரம்மா கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். என் போனில் புனேயிலிருந்து பதினோரு அழைப்பு. ஜெயப்ரியா கடைசியில் எஸ்தரம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் வந்து தொட்டுப் பார்த்தபோதே உயிர் இல்லை.

ஆபீசில் லேட்டாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். டீக்கடையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அதிலிருந்து ஜெயப்ரியா ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிடுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கரண்ட் பில் கட்டிட்டியா. மூன்று கேள்வி, மூன்று பதில், வைத்துவிடுவாள். காமிராவில் அன்று அவள் என்ன பார்த்தாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான், ஒரு வருஷமாக நெஞ்சில் முள்ளாய் நிற்பது. அந்த ஒரு மணி நேரத்தில் லோகாம்பாள் என்னைக் கூப்பிட்டாளா? தூக்கத்திலேயே போயிருந்தால் நான் தப்பித்தேன். கூப்பிட்டிருந்தால் நான் பாவி.

நான் செய்யக்கூடிய பிராயச்சித்தம் ஒன்றைத்தான் செய்துகொண்டிருந்தேன். உயிர் போன இடத்தில் விளக்கு எரியவேண்டும் என்பது எங்கள் ஓரிக்கைப் பக்கத்து ஆட்களின் பழக்கம். பதினாறாம் நாள் காரியத்தோடு எடுத்துவிடலாம் என்று பங்காளிகள் சொன்னார்கள். எனக்குப் பதினாறு நாள் போதவில்லை. வருஷத் திதி வரை அணைய விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த அறையில் ஃபேன் போடுவதில்லை, ஜன்னல் திறப்பதில்லை. விடிகாலை, மதியம், படுக்கப் போகுமுன் என்று மூன்று வேளை எண்ணெய். கையெடுத்துக் கும்பிடுகிற ஜாதி அல்ல நான். ஏகாம்பரநாதர் கோபுரத்தைத் தெருவிலிருந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி. ஆனால் அந்த விளக்கு ஒரு நாள்கூட அணைந்ததில்லை. அன்று இல்லாமல் போன நான், இன்று இருக்கிறேன் என்று அவளுக்குக் காட்டுகிற மாதிரி இருந்தது.

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன். திங்கட்கிழமை சாயங்காலம், எவன் வளைத்தானோ தெரியாது, நம்முடையதையாவது ஒழிப்போம் என்று, தொண்ணூறுகளில் எழுதின பத்திரங்களின் ஸ்கேன்களை அழித்தேன். நாலு ஜிபி காலியானது. செவ்வாய்க்கிழமை காலை பார்த்தால் அதில் இரண்டைக் காணோம். புதன்கிழமை காலை நாலையும் காணோம். நான் ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை. அப்படியானால் ஆக்கிரமிப்பாளன் பழையவன் அல்ல. இப்போதும் உள்ளே உட்கார்ந்துகொண்டு கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறான்.

புதன்கிழமை குழம்பு கொடுக்க வந்த எஸ்தரம்மா, நான் காகிதத்தோடு திரையை முறைப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா தர்மன் சார், மூணு நாளா அதும்மேல கேசு போடப் போறவர் மாதிரி குந்திக்கினு கீறீங்க? ஜெராக்ஸ் கடை ஷாஹீனக் கூப்புடுங்களேன். அது வந்தா அஞ்சு நிமிசத்துல கண்டுபுடிச்சுடும்."

"நாப்பது வருஷம் வில்லங்கம் தேடுனவன் நானு. எனக்கு ஒரு பெட்டிக்குள்ள தேட ஆள் வேணுமா?"

"அதான் மூணு நாளா தேடிக்கினு கீறீங்களே," என்றார் அவர்.

அவர் போன பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்கு, மானத்தை விழுங்கிக்கொண்டு ஷாஹீனுக்குப் போன் போட்டேன். ஷாஹீன் ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங், கம்ப்யூட்டர் ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஒரு கடை நடத்துகிறவள். நாற்பது வயதிருக்கும். அவள் கணவர் உஸ்மான் கல்லாவில் இருப்பார். கம்ப்யூட்டரைக் கழற்றுவதெல்லாம் அவள்தான்.

"இப்பவே வர்றேன் சார், கடையப் பூட்டிட்டு அப்படியே வந்துடறேன்," என்றாள்.

"வேணாம்மா. காலைல வா. ஒண்ணும் அவசரம் இல்ல," என்றேன்.

அந்த ஆறு வார்த்தையை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தாள். துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, நான் எழுதி வைத்திருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தாள்.

"கூட்டல் எல்லாம் கரெக்டுதான் சார். ஆனா உங்களுக்குக் காட்டுனதத்தான் நீங்க கூட்டிக்கினு இருக்கீங்க," என்றாள். "இந்தக் கம்ப்யூட்டர்ல ரெண்டு பேர் பேருக்கு வாசல் இருக்குது. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு ஜெயா. ஜெயான்னா?"

"எம் பொண்ணு."

"அவங்க பேர்ல இருக்கிற ரூமை உங்களுக்குத் தெறந்து காட்டாது. காட்டாததக் கணக்குலயும் சேர்க்காது. சைபர்னு போட்டுரும். அதான் உங்களுக்கு இடிக்குது." ஏதோ தட்டினாள். பாஸ்வேர்ட் கேட்டது. ஜெயப்ரியா போகும்போது எழுதிக் கொடுத்த டைரிப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். திறந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். அதன் அளவை எண்ணிச் சொல்வதற்குள் அரை நிமிஷம் ஆனது.

எண்ணூற்று நாலு ஜிபி.

"அல்லாவே," என்றாள் ஷாஹீன். "எல்லாம் வீடியோ சார். காமிரா ரெக்கார்டிங். அந்த ரூம்ல ஒரு காமிரா இருக்குதில்ல? அது எடுத்தத எல்லாம் இங்க சேர்த்து வச்சிருக்குது."

சேர்த்து வைத்திருக்கிறது. ஜன்னல் இல்லை அது. எழுதி வைக்கிற கை. அப்படியானால் அந்த மதியம் உள்ளே இருக்கிறது. இரண்டரையிலிருந்து மூன்று ஐம்பது வரை நான் இல்லாத அந்த ஒரு மணி இருபது நிமிஷமும் இருக்கிறது. அதற்கு முந்தைய அறுபது நாளும் இருக்கிறது. அவள் இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகியது, நான் தலை வாரி விடத் தெரியாமல் வகிடு கோணலாக எடுத்ததற்கு அவள் குழறிக் குழறித் திட்டியது, எல்லாம். என் மனைவி எண்ணூறு ஜிபிக்குள் இருந்திருக்கிறாள். நான் அவளை ஆக்கிரமிப்பு என்று மூன்று நாள் வைதிருக்கிறேன்.

"ஷாஹீன்மா," என்றேன். "பிப்ரவரி இருபது. மதியம் ரெண்டரை மணி. அதப் போடு."

அவளுக்குத் தேதி தெரியும், சாவுக்கு வந்தவள். தேதி வரிசையில் அடுக்கினாள். மணிக்கு ஒரு வீடியோவாகப் பெயர் ஓடியது. பழையது மேலே வரும்படி திருப்பினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதல் வீடியோ பிப்ரவரி இருபது. நேரம் இரவு ஏழு மணி.

"இதுக்கு முந்தினது?"

"இல்ல சார். இதான் மொதல்."

"மார்கழிலேர்ந்து காமிரா இருக்குதும்மா."

அவள் அந்த வீடியோவைத் திறந்தாள். வெறும் கட்டில். மெத்தை சுருட்டி வைத்திருக்கிறது. லோகாம்பாளைக் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கிருந்து பெண்கள் அழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. கொஞ்ச நேரம் கழித்து நான் உள்ளே வருகிறேன். கையில் அகல். தலைமாட்டில் குனிந்து வைத்து ஏற்றுகிறேன். எழுந்திருக்க முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொள்கிறேன்.

ஷாஹீன் நடுவில் இருந்து ஒரு வீடியோவைத் திறந்தாள். வெறும் கட்டில், விளக்கு. இன்னொன்று. வெறும் கட்டில், விளக்கு, சுவரில் ஆடுகிற நிழல். ஆனி மாதம், ஆவணி மாதம், தீபாவளி, பொங்கல். இடையிடையே எண்ணெய் ஊற்ற வருகிற கிழவன் ஒருவன். எண்ணூறு ஜிபியில் அவள் ஒரு நொடிகூட இல்லை.

"ரூம்ல ஏதாச்சும் அசைஞ்சா எடுக்கிற மாதிரி வச்சிருக்காங்க சார்," என்றாள் ஷாஹீன், என் முகத்தைப் பார்க்காமல். "ஆளு இல்லாத ரூம்னா ஒண்ணும் எடுத்திருக்காது. வெளக்கு ஆடுது. நெழலு ஆடுது. ராப்பகலா அது எடுத்துக்கினே இருந்திருக்குது. எடம் தீர்ந்ததும் புதுசுக்கு வழி விட, பழசுலேர்ந்து ஒண்ணொண்ணா அழிச்சுக்கினே வந்திருக்குது."

"எப்பலேர்ந்து?"

"டிஸ்க் ஃபுல்லுன்னு எப்ப சார் மெசேஜ் வர ஆரம்பிச்சுது?"

கார்த்திகை. நான் பெருக்கல் குறியை அழுத்தத் தொடங்கிய நாள். அன்றைக்கு அவளுடைய அறுபது நாளும் முழுசாக இருந்தது. ஒரு நாள் விளக்கு எரிய, அவளுடைய ஒரு நாள் போயிருக்கிறது. மார்கழியில் விளக்கு அவளுடைய மார்கழியைத் தின்றது. தையில் அவளுடைய தையைத் தின்றது. கூட்டல் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே போட்டுவிட்டேன். திங்கட்கிழமை அந்த மதியம் இருந்திருக்கிறது. நான் நாலு ஜிபி காலி செய்ததால் செவ்வாய்க்கிழமையும் இருந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் ஆறு மணிக்கு, வேண்டாம், காலையில் வா என்று நான் சொன்னபோதும் இருந்திருக்கிறது. இன்று விடிகாலை எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்தியாக எண்ணெய் ஊற்றினேனே, ஏறக்குறைய அந்த நேரத்தில் போயிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நான் அந்த வேலிக்கு மூன்று வேளையும் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன்.

ஷாஹீன் முதல் காரியமாக ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். பிறகு, அழிந்ததைத் தேடி எடுக்கிற ஏதோ ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள். அதை ஓட விட்டாள். இரண்டு மணி நேரம் ஓடியது. உஸ்மான் கடையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார். "இது கெடைக்கிற வரைக்கும் நான் வர மாட்டேன்," என்று வைத்துவிட்டாள். பிப்ரவரி இருபது, மூன்று மணி என்று ஒரு பெயர் மட்டும் கிடைத்தது. திறந்தால் அதற்குள்ளும் விளக்குதான் எரிந்தது.

"அந்த எடத்துலயே புதுசு எழுதிட்டுது சார். மன்னிச்சுக்குங்க," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். "மீதியக் காலி பண்ணிடட்டுமா?"

"இருக்கட்டும்மா."

பணம் வாங்க மாட்டேன் என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, "ஜெயாக்கு ஒரு போன் போடுங்க சார்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போட்டேன். வியாழக்கிழமை மதியம் நான் கூப்பிட்டதும் அவள் பயந்துவிட்டாள்.

"அப்பா? இன்னாப்பா ஆச்சு? உடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணும் இல்லம்மா." அதற்கு மேல் சுற்றி வளைக்க என்னிடம் தெம்பு இல்லை. "அன்னிக்கு நீ காமிராவுல பாத்தியா?"

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

"பாத்தேன்பா," என்றாள்.

"அம்மா என்னைக் கூப்ட்டாளா?"

"இரு, வெளிய வர்றேன்." கதவு சாத்தும் சத்தம், படி இறங்கும் சத்தம். பிறகு மெதுவாகச் சொன்னாள். "சாப்ட்டு வந்து சும்மா பாப்போம்னு தெறந்தேன்பா. அம்மா முழங்கைய ஊணி எந்திரிக்கப் பாத்துக்கினு இருந்துச்சு. மூஞ்சியெல்லாம் வேர்வை. அந்தக் காமிராவுல நாம பேசுனா அங்க கேக்கும். பட்டனை அழுத்தி அம்மான்னு கூப்ட்டேன். மேல பாத்துச்சு. அப்பா எங்கன்னுச்சு."

"தெளிவாவா?"

"தெளிவாப்பா. அது மட்டும் தெளிவா வந்துச்சு. மூணு தடவ கேட்டுச்சு."

நான் தரையில் உட்கார்ந்தேன். ஒரு வருஷமாக எதற்குப் பயந்தேனோ அது இதுதான். கூப்பிட்டிருக்கிறாள். மூன்று தடவை.

"பக்கத்து சீட்டுப் பொண்ணு போனை வாங்கி உனக்கு அடிச்சுக்கினே இருந்தேன். நீ எடுக்கல. இந்தப் பக்கம் அம்மா கேட்டுக்கினே இருக்குது. நான் இன்னா பண்ணுவேன்? வந்துக்கினு இருக்காரும்மான்னு சொன்னேன். தெரு முனைக்கு வந்துட்டாரும்மான்னேன். மறுபடி கேட்டுச்சு. வாசல்ல செருப்பு கழட்டுறாரும்மா, இதோ வந்துட்டாருன்னு சொல்லிட்டேன்பா. ஒடனே அது தலையை வாசப் பக்கம் திருப்பிச்சு. லேசா சிரிச்சுச்சு. அப்புறம் திரும்பவே இல்ல."

நான் வந்தபோது அவள் முகம் வாசல் பக்கமாகத்தான் இருந்தது. எஸ்தரம்மா திருப்பி வைத்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"சாவற நேரத்துல அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்பா," என்றாள் ஜெயப்ரியா. "வராத ஆளுக்காகக் கதவைப் பாத்துக்கினே போயிடுச்சு. உன்மேல கோவம்னு நீ நெனச்சிருப்ப. கோவமெல்லாம் மொதல் மாசத்தோட சரி. உங்கிட்டப் பேசுனா இதச் சொல்லிடுவேனோன்னுதான் பேசல. அந்த வீடியோல எங்கொரலும் இருக்கும். நீ பாத்தா தாங்க மாட்டன்னு அதப்பத்திச் சொல்லவே இல்ல. ஆனா அது அங்க இருக்குதுன்னு ஒரு தெம்பு எனக்கு. திதிக்கு வர்றப்ப உம்பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் பாத்துடலாம்னு இருந்தேன். இருக்குதில்லப்பா?"

இதைச் சொல்வதற்குப் பதில் நாக்கு அழுகிப் போயிருக்கலாம்.

"இல்லம்மா," என்றேன். "எல்லாம் அழிஞ்சுபோச்சு. அம்மாக்குன்னு நான் ஏத்துன வெளக்கேதான் அழிச்சுது." எப்படி என்று சொன்னேன். கார்த்திகையையும், பெருக்கல் குறியையும், நேற்றுச் சாயங்காலத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"அப்போ நான் சொன்ன பொய் மட்டுந்தான் மிச்சம்," என்றாள் கடைசியில்.

என் மகளுக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு வருஷமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு ஆபீசுக்குப் போய் வந்திருக்கிறாள்.

"நீ அதச் சொன்னப்போ மணி எத்தினி இருக்கும்?" என்று கேட்டேன்.

"மூணு இருபது. போன்ல பாத்தேன், ஞாபகம் இருக்குது."

மூன்று இருபதுக்கு நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். டீக்கடை பெஞ்சில் இருந்தேன். இரண்டாவது டீ. பழனி தன் சம்பந்தி வீட்டுக் கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் முதல்முறையாக வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டு ஞாபகமே இல்லை.

"மூணு இருபதுக்கு நான் நம்ம தெரு முனையிலதாம்மா இருந்தேன்," என்றேன். "வண்டி நின்னுபோச்சு. ஒதைச்சு ஒதைச்சுப் பாத்துக்கினு, ப்ளக்கக் கழட்டி மாட்டிக்கினு, அங்கயே அரை மணி நேரம் போயிடுச்சு. சொன்னா சாக்கு சொல்றான்னு நெனப்பீங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. நீ அம்மாகிட்ட பொய் சொல்லல."

"நெஜமாவாப்பா?"

"நெஜமாம்மா."

"தெரு முனைலயா இருந்த?"

"முனைலதான். அந்தப் பூக்கடைக்கு எதுத்தாப்புல."

அவள் அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா சாவுக்குக்கூட அப்படி அழவில்லை. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிறவரை தரையில் உட்கார்ந்திருந்தேன்.